குருவிக்குப் பரிவட்டம்

கடலோர எச்சரிக்கை வாரியத்தின் புதுக்கோட்டைக் கிளையில் மென்பொருள் பற்றிக் கூட்டம் என்றால், பிரகதாம்பாள் முதலில் பஞ்சையும் டிஞ்சரையும் எடுத்து மேசைமேல் வைப்பார். அதற்குப் பிறகுதான் குறிப்பேட்டைத் திறப்பார். இருபத்தெட்டு வருடங்களாக அந்த அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் அவர். தற்காலிகப் புரோகிராமராகச் சேர்ந்த புதிதில் ஷர்லி இதைப் பார்த்துவிட்டு, ஏதோ ரத்ததான முகாம் நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒருவகையில் அவள் நினைத்தது சரிதான்.

வாரியத்துக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காற்று எழும்பப்போகிறது என்று வானிலை மையத்திலிருந்து செய்தி வந்தால், கடலுக்குள் இருக்கிற படகுகளுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். இதற்காக ஒவ்வொரு படகுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். செய்தி வந்தால் அது கீச்சென்று கத்தும். பச்சைப் பொத்தானை அமுக்கினால், இன்னார் பெற்றுக்கொண்டார் என்று அலுவலகத்துக்குத் தகவல் வந்துவிடும்.

வருகிற செய்திகளெல்லாம் அலுவலகக் கணினியில் ரேஷன் கடை வாசல் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். வரிசை ஒழுங்காகத்தான் நின்றது. வரிசையின் முன்னால் நின்று, ஒவ்வொரு செய்தியாக எடுத்துப் படகுகளுக்கு அனுப்ப ஒரு நிரல் வேண்டுமல்லவா? கிளையன்ட் லைப்ரரி என்பார்கள். யாரோ எழுதி வைத்திருப்பதை எடுத்து நாம் பொருத்திக்கொள்வது. சண்டித்தனம் செய்தது அதுதான். கரண்டு போய் வந்தால் அதன் தொடர்பு அறுந்துவிடும். அறுந்ததை ஒருவரிடமும் சொல்லாது. திரையில் பச்சை விளக்கு பாட்டுக்கு எரியும், ஒரு செய்தியும் வெளியே போகாது. நம்மூரில் கரண்டு எத்தனை தடவை போகும் என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஷர்லிக்கு ஊர் மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பம். அண்ணன் சந்தோஷ் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். அவள் எம்.சி.ஏ. படித்தது அவன் வலையில் விழுந்த மீனில்தான். போன ஐப்பசியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்த காற்றில் அவன் படகு புரண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து, மூன்று பல் போய், அரசு ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்தவன் தங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒங்க ஆபீசு மெசினு சும்மாதான்டி கெடந்துச்சு. காத்தே நேர்ல வந்து சேதி சொல்லிட்டுப் போச்சு" என்றான்.

ஷர்லிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அடுத்த ஐப்பசிக்குள் நம்பிக்கையான ஒரு லைப்ரரியைக் கண்டுபிடித்து மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள். அவள் சின்னப் பெண். லைப்ரரியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்று நம்பினாள்.

இரண்டு மாதம் உட்கார்ந்து மூன்று லைப்ரரிகளைச் சோதித்தாள். செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்குவாள், மறுபடி சொருகுவாள். ஒவ்வொன்றுக்கும் நூறு தடவை. 'வஜ்ரம்' என்பது நூற்றில் நாற்பத்தொரு செய்தியை விழுங்கிவிட்டது. 'மின்னல்' எல்லாச் செய்தியையும் மும்மூன்று தடவை அனுப்பிவிட்டு, பிறகு எழுந்திருக்கவே இல்லை. மூன்றாவது 'குருவி'. யாரோ ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்தது. ஒயரைப் பிடுங்கினால் காத்திருந்தது. சொருகினால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நூற்றுக்கு நூறு, ஒன்றுகூடத் தொலையவில்லை. ஷர்லி சோதனை முடிவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

அலுவலகத்துக்கு இரண்டு மாடி, இரண்டு பிரிவு. மேல்மாடி தொழில்நுட்பப் பிரிவு, தலைவர் பெரியண்ணன். அவர் வஜ்ரத்தின் ஆள். கீழ்மாடி கொள்முதல் பிரிவு, தலைவர் பிச்சைமுத்து. அவர் மின்னலின் ஆள். இரண்டு பேருமே எந்த லைப்ரரியையும் திறந்து பார்த்தவர்கள் இல்லை. பெரியண்ணன் வஜ்ரத்தை ஆதரித்தார் என்பதற்காகப் பிச்சைமுத்து மின்னலைப் பிடித்துக்கொண்டார். பிச்சைமுத்து மின்னலைப் பிடித்துக்கொண்டார் என்பதால் பெரியண்ணன் வஜ்ரத்தை உயிர் போனாலும் விடுவதில்லை என்றார். உயிர் போனாலும் என்று அவர் சொன்னது பேச்சுக்காக இல்லை.

முதல் கூட்டத்தில் வஜ்ரம் நாற்பத்தொரு செய்தியை விழுங்கியதை ஷர்லி வாசித்தாள். பிச்சைமுத்து சிரித்தார். சிரித்த வாயில் ஒரு எவர்சில்வர் தம்ளர் வந்து விழுந்தது. தம்ளருக்குப் பதிலாக நாற்காலி போனது. நாற்காலிக்குப் பதிலாக மேல்மாடிக்காரர்கள் எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். ஷர்லி மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் பிரகதாம்பாளும் கால் மடக்கி உட்கார்ந்து நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். 'வஜ்ரம், மின்னல் குறித்து விரிவான தொழில்நுட்பக் கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது. இரு பற்கள். தையல் ஆறு.'

"அடிதடின்னு எழுத மாட்டீங்களாக்கா?" என்று ஷர்லி கேட்டாள்.

"அதுக்கு இந்தப் படிவத்துல எடம் இல்லம்மா" என்றார் பிரகதாம்பாள்.

இரண்டாம் கூட்டத்தில் பெரியண்ணன் முதுகில் ஒரு கீபோர்டு இரண்டாக உடைந்தது. சிதறிய பொத்தான்களைப் பிரகதாம்பாள் பொறுக்கி எண்ணி, உறையில் போட்டு, 'சோதனைக்குப் பயன்படுத்தப்பட்டவை' என்று எழுதி ஒட்டினார். மூன்றாம் கூட்டத்துக்கு, இரண்டு லைப்ரரிகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது என்று தலைப்பு. பிச்சைமுத்துவின் பங்காளிகள் பொன்னமராவதிப் பக்கமிருந்து ஒரு வேனில் வந்தார்கள். பெரியண்ணனின் மச்சான்மார்கள் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து இரண்டு வேனில் வந்தார்கள். ஒப்பீடு நாற்பது நிமிடம் நடந்தது. நெட்வொர்க் ஒயரால் அடித்தால் சாட்டையைவிட நன்றாகத் தடிக்கும் என்பது அன்றைக்குக் கண்டறியப்பட்டது. அந்தக் கிளை மென்பொருள் துறையில் கண்டறிந்தது அது ஒன்றுதான்.

ஷர்லி கிளை இயக்குநர் ஆத்மநாதனிடம் போய் நின்றாள். சாந்தமான மனிதர். மேசையில் சாமி படத்துக்குத் தினமும் பூ வைப்பவர். அவர் அறைக்கதவில் மட்டும் யார் ரத்தமும் பட்டதில்லை. அவள் சோதனைத் தாளை நீட்டினாள். அவர் அதை மடித்து, படத்துக்கு அடியில் பயபக்தியோடு வைத்தார்.

"நம்பகத்தன்மைங்கறது லைப்ரரியில இல்லம்மா. அதுக்காக எத்தனை பேரு அடிவாங்கத் தயாரா இருக்காகங்கறதுலதான் இருக்கு. வஜ்ரத்துக்கு இருபது பேரு இருக்காக. மின்னலுக்கும் இருபது பேரு. ஒன் குருவிக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன் சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் உடம்பில் ஒரு தையல்கூட இல்லை என்பதைக் கவனித்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார். குருவிக்கு எதிராக இன்னொரு பெரிய ஆட்சேபமும் இருந்தது. அந்த அலுவலகத்துக்கு எந்தப் பொருள் புதிதாக வந்தாலும், பொருளுக்கு உரியவரை வரவழைத்து மாலை போட்டு, தலையில் பட்டுத் துண்டால் பரிவட்டம் கட்டி, முதல் மரியாதை செய்துதான் பொருளைத் தொடுவார்கள். ஜெராக்ஸ் மெஷின் வந்தபோது செய்தார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் வந்தபோது, இரண்டாம் மரியாதை யாருக்கு என்பதில் ஒருவருக்குக் காது போனது. குருவியை எழுதியவருக்கு ஊர் தெரியாது, பேர் தெரியாது. பரிவட்டத்தை எந்தத் தலையில் கட்டுவது?

ஆடியும் ஆவணியும் இப்படியே போயின. புரட்டாசி பிறந்தபோது அலுவலகத்தில் முழுசான ஆள் ஒருவரும் இல்லை. பெரியண்ணனுக்கு இடது கை கட்டில் தொங்கியது. பிச்சைமுத்து நொண்டினார். இரண்டு பக்கமும் களைத்துப்போனதும் ஆத்மநாதன் சமரசத்துக்கு ஒரு வழி சொன்னார். மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம், குருவியே வரட்டும். அதற்கு ஆள் இல்லாததால் முதல் மரியாதையைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் பெரிய மனது பண்ணினார்.

ஷர்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதே ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னாள். இனி ஒரு செய்திகூடத் தவறாது, கருவி கத்தாவிட்டால் காற்று இல்லை என்று அர்த்தம், பயமில்லாமல் போகலாம் என்றாள்.

மரியாதை எப்படி என்பதில்தான் வினை வந்தது. குருவி எடுத்து அனுப்பும் முதல் செய்தி இயக்குநரின் வாழ்த்தாக இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டாவது யாருடையது? மூன்றாவது? இதில் மூன்று நாள் கருத்துப் பரிமாற்றம் நடந்து, பதினொரு தையலுக்குப் பிறகு பதினான்கு வாழ்த்துகள் என்று முடிவானது. காவலாளி வரைக்கும் ஒரு வாழ்த்து உண்டு. கோயிலில் ஒருத்தர் பிரசாதம் வாங்கி நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் கை நீட்ட முடியும், அதே முறை இங்கேயும் வேண்டும் என்றார் ஆத்மநாதன். ஒரு வாழ்த்தை எல்லாப் படகும் பச்சைப் பொத்தான் அமுக்கி வாங்கி முடித்தால்தான் அடுத்தது கிளம்ப வேண்டும். அது ஆபத்து என்று ஷர்லி சொன்னாள். அப்படியானால் குருவியே வேண்டாம், வஜ்ரத்துக்கே போய்விடலாமா என்று அவர் அன்பாகக் கேட்டார். அந்தக் கட்டளையைக் குருவிக்குள் எழுதியது அவளுடைய விரல்கள்தான். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்வானேன், விழா முடிந்ததும் சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நாதசுரம் வாசிக்க, ஆத்மநாதன் தலையில் பரிவட்டம் கட்டப்பட்டது. கணினி இருக்கும் அறையின் வாசலில், யாரும் வரிசையை மாற்றிவிடாதபடி மேல்மாடிக்காரர் நாலு பேரும் கீழ்மாடிக்காரர் நாலு பேரும் கம்போடு நின்றார்கள். இயக்குநர் பொத்தானைத் தட்டினார். 'கடலோடி மக்களுக்கு ஆத்மநாதனின் கனிவான வாழ்த்துகள். பாதுகாப்பாகச் சென்று வருக.' கடலில் அன்றைக்குப் பதினொரு படகுகள். கால் மணி நேரத்தில் பத்துப் படகுகள் பொத்தானை அமுக்கிவிட்டன. ஒரு படகு அமுக்கவில்லை. சந்தோஷின் படகு. வாழ்த்துதான் என்று ஒரு பார்வையில் தெரிந்த பிறகு, வலை இழுக்கிற நேரத்தில் கருவியை எடுத்து யார் பொத்தானை அமுக்குவார்கள்?

குருவி காத்திருந்தது. மறுபடி அனுப்பியது. மறுபடி காத்திருந்தது. நம்பிக்கையான லைப்ரரி அப்படித்தான் செய்யும்.

காத்திருந்த நேரத்தில், இரண்டாம் மாலையின் ரோஜா மூன்றாம் மாலையைவிடச் சின்னதாக இருப்பதைப் பிச்சைமுத்து கண்டுபிடித்தார். குத்துவிளக்கு முதலில் பறந்தது. இரண்டு நாற்பதுக்கு வானிலை மையத்திலிருந்து செய்தி வந்து விழுந்ததை, முழங்கையால் தலையை மறைத்துக்கொண்டே ஷர்லி மேசைத் திரையில் பார்த்தாள். ஒன்றரை மணி நேரத்தில் பலத்த காற்று, எல்லாப் படகும் உடனே கரை திரும்ப வேண்டும். செய்தி போய் ஒழுங்காக வரிசையில் நின்றது. பதினைந்தாவதாக.

அவள் ஆத்மநாதனின் சட்டையைப் பிடித்துக் கத்தினாள். அவர் பரிவட்டம் அவிழாமல் பார்த்துக்கொண்டு, பதினாலு பேரு மரியாதையையும் கெடுக்கச் சொல்றியாம்மா என்றார். அவள் கணினி அறையை நோக்கி ஓடினாள். வரிசையை மாத்த வாரா என்று வாசலில் ஒருவன் குரல் கொடுத்தான். மேல்மாடிக்காரர்கள் அவளைக் கீழ்மாடி ஆள் என்றும், கீழ்மாடிக்காரர்கள் மேல்மாடி ஆள் என்றும் நினைத்தார்கள். எட்டுக் கம்பும் ஒரே நேரத்தில் இறங்கின. அந்த அலுவலகத்தின் இரண்டு பிரிவும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்க, படிக்கட்டுக்கு அடியில் கிடந்தபடியே அண்ணனின் போனுக்கு அடித்தாள். எல்லைக்கு வெளியே என்றது. அம்மா இன்னாசியம்மாளுக்கு அடித்தாள்.

"பன்னெண்டு மணிக்கே போயிட்டான்டி. கூட்டாளிக்குக் காய்ச்சல்னு ஒண்டியாத்தான் போனான். நீ புது லைப்ரரி மாட்டிட்டேன்னு சொன்னியாமே, அந்தத் தைரியத்துல இன்னைக்குத் தூரமாப் போயிட்டு வாரேன்னான். ஏன்டி, ஏன் மூச்சு வாங்குற?"

ஷர்லி அதை அணைத்துவிட்டு மறுபடி அண்ணனின் எண்ணுக்கு அடித்தாள்.

காற்று சொன்ன நேரத்துக்கு வந்தது. கரைக்குப் பக்கத்தில் இருந்த பத்துப் படகும் வானத்தின் நிறத்தைப் பார்த்தே திரும்பிவிட்டன. இரண்டு படகுகள் கரையில் மோதி உடைந்தன. ஒருவனுக்குக் கால் போனது. சந்தோஷ் திரும்பவில்லை. சனிக்கிழமை தேடப் போனவர்கள் படகின் ஒரு துண்டைக் கொண்டுவந்தார்கள். வாரியம் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணை முடியும்வரை வரிசையில் யாரும் கைவைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. குருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இயக்குநரின் வாழ்த்தைச் சந்தோஷுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. தலைக்கட்டோடு ஷர்லி அந்தத் திரையின் முன்னாலேயே கிடந்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குத் திரையில் எழுத்து மாறியது. சந்தோஷ், முதல் செய்தி, பெற்றுக்கொண்டார்.

அவள் எழுந்து நின்றாள். இரண்டாவது வாழ்த்து, பெற்றுக்கொண்டார். மூன்றாவது, பெற்றுக்கொண்டார். அவள் ஏசுவே ஏசுவே என்று அழுதாள், சிரித்தாள், பிரகதாம்பாளைக் கட்டிப்பிடித்து, எங்கண்ணன் அமுக்குறான்க்கா, எங்கண்ணன் அமுக்குறான் என்று கத்தினாள். கரையில் இருந்த மற்றப் பத்துக் கருவிகளிலும் யார் யாரோ பொத்தானை அமுக்க, காவலாளியின் வாழ்த்துவரை பதினான்கும் போயின. பதினைந்தாவதாகக் காற்று எச்சரிக்கையும் போய்ச் சேர்ந்தது. மேசைமேல் போன் அடித்தது. வடக்கே ஏதோ ஒரு கரையிலிருந்து ஒரு போலீஸ்காரர் பேசினார்.

"இந்த மெசினு கீச்சுக்கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சும்மா. அமுக்க அமுக்க வாழ்த்து வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசியில காத்து வருதுன்னு ஒண்ணு வந்துச்சு. மெசினு முதுகுல இந்த நம்பர் இருந்துச்சு, அதான் அடிச்சேன். இடுப்புல கவர் போட்டுக் கட்டியிருந்தாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ஒரு மாதம் கழித்து வாரியத்தின் தலைமையகத்திலிருந்து புதுக்கோட்டைக் கிளைக்கு ஒரு பித்தளைக் கேடயம் வந்தது. பதினைந்து செய்தி, பதினொரு படகு, ஒன்றுகூடத் தவறாமல் நூற்றுக்கு நூறு சேர்ந்திருக்கிறது. மாநிலத்திலேயே இது முதல் தடவையாம். விசாரணையும் அந்தக் கணக்குத் தாளோடு முடிந்துவிட்டது. கேடயத்தை வாங்கிக்கொள்ள ஒரு கூட்டம் போட்டார்கள். பிரகதாம்பாள் வழக்கம்போல முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மேசைமேல் பஞ்சும் இல்லை, டிஞ்சரும் இல்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆத்மநாதன் மனமுருகிப் பேசினார். "பத்துப் பேருக்குச் சேதி சேக்கறது பெரிசு இல்ல. கடைசி ஆளையும் நாம விடல பாருங்க, அதுதான் நிர்வாகம். மூணு நாள் ஆச்சு. கடலு விட்டுச்சு, உசுரு விட்டுச்சு, நம்ம ஆபீசு விடல. அன்னைக்கே குருவிக்கு யாரு இருக்கான்னு கேட்டேன். இன்னைக்குச் சொல்றேன், அதுக்கு இந்தப் பொண்ணு இருக்கு. அண்ணனையே கொடுத்த பொண்ணு. இனிமே முதல் மரியாதை அதுக்குத்தான்."

மேல்மாடியும் கீழ்மாடியும் ஒருசேரக் கை தட்டின. அவரே இறங்கி வந்து ஷர்லியின் தலையில், எட்டுக் கம்பு இறங்கிய தழும்புக்கு மேல், பரிவட்டத்தைக் கட்டினார். கேடயத்தை அவள் கையில் கொடுத்தார். ஷர்லி அதை வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் அதைத் தூக்கி அவர் தலையில் இறக்கினாள். அவள் தலையிலிருந்த பரிவட்டம் அவிழ்ந்து கண்ணை மறைத்தது. அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மறுபடி இறக்கினாள். பெரியண்ணனும் பிச்சைமுத்துவும் இது எந்த மாடியின் கருத்து என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிரகதாம்பாள் குறிப்பேட்டில் 'தொழில்நுட்பக் கருத்து' என்று எழுதினார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார். பேனாவுக்கு மூடி போட்டு வைத்துவிட்டு எழுந்து, இருபத்தெட்டு வருடக் கூட்டக் குறிப்புகள் அடங்கிய தடித்த பேரேட்டை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு ஆத்மநாதனிடம் போனார். திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. வந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும், படிவத்தில் இடமில்லாததால் அதன் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

'ஷர்லி இயக்குநரை அடித்தாள். போதவில்லை. நானும் அடித்தேன்.'